கையில்லாத கேலக்ஸி

"கையே இல்லையா? அப்புறம் அதென்ன கேலக்ஸி?" என்றார் அஹமது கபீர், நாற்காலியில் முதுகு சாயாமல்.

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எதிரே இருந்த ரிஸ்வான் பல்கலைக்கழகத்தில் விண்மீன் திரள்களை ஆராய்பவன். கிளமெண்டியிலிருந்து சம்பந்தம் பேசத் தனியாக வந்திருந்தான்.

"எல்லாத்துக்கும் சுருள் கை இருக்காது லா, அங்கிள். இது லென்ஸ் மாதிரி. நடுவுல குண்டா, சுத்தி மெல்லிசா ஒரு தட்டு."

"எவ்வளவு தூரம்?"

"அதோட வெளிச்சம் இங்க வந்து சேரவே பல கோடி வருஷம் ஆகும்."

"பார்க்கிறதுக்குப் பக்கத்துல ஒண்ணும் கிடைக்கலையா உங்களுக்கு?"

தேநீர்த் தட்டோடு வந்த மகள் முனீரா பல்லைக் கடித்தாள். தாய் போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். 'இந்தச் சம்பந்தம் முறிஞ்சா பள்ளிவாசல்ல எப்படித் தலை காட்டுறது?' என்று காலையில் புலம்பிய கபீர், இப்போது தாமே முறித்துவிடுவார் போலிருந்தது.

"வாப்பா, அவரைக் கொஞ்சம் டீ குடிக்க விடுங்க!"

கபீர் விடவில்லை. "தம்பி, மூணு தலைமுறையா எங்க குடும்பம் ஒரு பேச்சு வாங்கினதில்ல. பெரியவங்க யாரும் கூட வரலையே?"

"எங்க வாப்பா மௌத்தாயிட்டாங்க. வீட்டுக்குப் பெரிய ஆம்பளை நான்தான், அங்கிள். ஊர் பேசுமேன்னு எங்களுக்கும் தயக்கம் இருந்துச்சு."

கபீர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வானத்துக்கே போனார். "அதுல புதுசா நட்சத்திரம் பிறக்குமா?"

"ரொம்ப ரொம்பக் கம்மி. வாயு அநேகமா தீர்ந்துபோச்சு. இருக்கிறதெல்லாம் வயசான நட்சத்திரங்கதான்."

"அப்ப முடிஞ்சுபோன கேஸ்னு சொல்லுங்க!"

"யார் சொன்னது? ஆர்ப்பாட்டம் இல்லாம, மஞ்சளா, இன்னும் ரொம்பக் காலத்துக்கு நிதானமா ஒளி குடுக்கும். எனக்கு அதான் பிடிக்கும்."

முனீராவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "கேலக்ஸி இருக்கட்டும். முடிவைச் சொல்லுங்க, ரிஸ்வான்!"

ரிஸ்வான் எழுந்து கபீரின் கைகளைப் பற்றிக்கொண்டான்.

"எங்க உம்மாவுக்குப் பார்த்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. இனிமே அங்கிள்னு கூப்பிட மாட்டேன், வாப்பா!"