உடைத்தவர் பெயர்

"வாரண்டி கீது சார். ஆனா ஸ்கிரீன் உடைஞ்சா அதுல வராது."

புதுப்பட்டினம் சர்வீஸ் சென்டரில் ஜெபசிங் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். சாரங்கபாணிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"டேப்லெட் வாங்கி நாலு மாசம்கூட ஆகலை. வாரண்டி கார்டு பின்ன எதுக்கு? பிரேம் போட்டு மாட்டறதுக்கா?"

"தானா ரிப்பேர் ஆனாதான் சார் வாரண்டி. உடைச்சா கிடையாது."

"நானா உடைச்சேன்? வீட்டு வேலைக்கு வர்ற ரெபேக்காள் உடைச்சிருக்கா. கேட்டா, தொடவே இல்லைங்கறா. என் ஆபீஸ் ஐ.டி. கார்டையும் பெருக்கி எங்கேயோ தள்ளிட்டா. ரெண்டு நாளா கேட்ல கைகட்டி நின்னு டெம்பரரி பாஸ் வாங்கிட்டிருக்கேன். இனிமே வராதேன்னு காலையில சொல்லிட்டேன்."

ஜெபசிங் பில்லைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், நீங்க டேமேஜ் பிளானும் சேத்து எடுத்துகீறீங்க. ஃப்ரீயா மாத்திடலாம்."

"இதை முதல்லயே சொன்னா என்ன?"

"ஒரு கண்டிஷன். யார் பேர்ல வாங்குனதோ, அவர் கையாலதான் உடைஞ்சிருக்கணும். வேலைக்காரங்க உடைச்சா வராது. இந்த ஃபாரத்துல 'உடைத்தவர்'னு போட்ட எடத்துல உங்க பேரை எழுதுங்க."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பொய் எழுதினதில்லை."

"அப்ப புது ஸ்கிரீன் ரேட்டு சொல்லட்டா?"

சொன்னார். சாரங்கபாணி பேனாவை வெடுக்கென்று வாங்கினார். யாரோ செய்த தப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையை நொந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

டேப்லெட்டின் உறையைக் கழற்றிய ஜெபசிங், மூடியின் உள்பையில் என்னவோ தடித்திருக்கிறதே என்று விரலை விட்டு இழுத்தார். இரும்புக் கிளிப்போடு ஓர் ஐ.டி. கார்டு வந்தது.

"உங்க போட்டோதான் சார். கிளிப்பு அழுத்துன எடத்துலேர்ந்துதான் விரிசல் ஓடுது, பாருங்க. இதுமேல யாரோ வெயிட் போட்டுகீறாங்க."

முந்தாநாள் ஆபீஸிலிருந்து வந்ததும், தொலைந்துவிடக் கூடாதே என்று கார்டை அதில் செருகியது சாரங்கபாணிக்கு இப்போதுதான் நினைவு வந்தது. டேப்லெட்டைக் குஷனுக்கு அடியில் வைத்து, அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கியதும்தான்.

"பேஜாரே இல்ல சார். நீங்க பொய் எழுதல."

சாரங்கபாணி கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டு வாசலில் ரெபேக்காள் நின்றிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"இந்த வூட்டு வேலையை நம்பித்தான் சார் இருக்கேன். சத்தியமா நான் அதைத் தொடல. நிறுத்திடாதீங்க சார்."

உள்ளேயிருந்து மனைவி வத்சலாவும் வந்து நின்றாள். சாரங்கபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, அழாதே. உனக்காக, நானே உடைச்சதா எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். நாளையிலேர்ந்தாவது ஜாக்கிரதையா வேலை செய்."