இரண்டாவது படம்

கார்குழலி தன் கடைசி வருட ப்ராஜெக்டை அம்மா ராஜாத்தியிடம் காட்டினாள். இரண்டு பெரிய பிளாஸ்டிக் தாள்கள். இரண்டிலும் வெறும் கறுப்புப் புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்ததும் ஒரு கப்பல் தெரிந்தது.

“ஒண்ண மட்டும் தலைகீழா வச்சா, இதுலயே வேற படம் வரும்மா.”

“எங்க, காட்டு.”

“அது ரகசியம்.”

ராஜாத்தியின் கவலை வேறு. எர்ணாவூர் குடியிருப்பில் எதிர் பிளாக் ஜன்னல் கைக்கெட்டும் தூரம். அந்த வீட்டு விமலின் கண் எந்நேரமும் இங்கேதான்.

ப்ராஜெக்டுக்கு மார்க் வந்த பிறகு, மகள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னலின் இரண்டு தள்ளுக் கண்ணாடிகளிலும் ஒவ்வொரு தாளாக ஒட்டினாள்.

“இனிமே இன்னாத்த பாப்பான்?”

மறுநாள் காலை காற்றுக்காக ஒரு கண்ணாடியை இன்னொன்றின் பின்னால் தள்ளினாள். எதிரே துணி உலர்த்திக்கொண்டிருந்த விமலின் அம்மா பச்சையம்மா கூப்பிட்டாள்.

“இன்னா ராஜாத்தி, எங்க விமல் மூஞ்சிய உன் வூட்டு ஜன்னல்ல ஒட்டி வச்சிகீற?”

ராஜாத்தி பார்த்தாள். சேர்ந்து நின்ற கண்ணாடிகளில் விமல் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு தாளைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாள். புள்ளிக்குத் தலை எது, கால் எது என்று யாருக்குத் தெரியும்?

அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள். விமல் மறுபடி புள்ளிகளாகிப் போனான்.

வெளியே பச்சையம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

“சாத்திட்டா ஆச்சா? இங்க அல்லாரும் பாத்துட்டோம். எப்ப வந்து பேசறது, அத்தச் சொல்லு.”