புழு இல்லாத துளை

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. நஞ்சைத் தூய காய் என்று சொல்லி விற்கிறார்கள்; கேட்பாரில்லை.

பெரியவர் மூன்று கத்தரிக்காய்களை உணவுப் பாதுகாப்பு அலுவலரின் மேசைமேல் வைத்தார்.

மூன்றும் நெடுக்காக அறுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு துளை.

புழு துளைத்தால் வழி வளையும், எச்சம் கிடக்கும், சதை கறுக்கும். இவற்றில் துளை நேராக இறங்கி, ஒரே ஆழத்தில் நின்றிருந்தது.

மகள் பூங்கோதை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். வாய்க்குப் பிடித்தது கத்தரிக்காய் ஒன்றே. அவரோ பளபளக்கும் காயைத் தொடமாட்டார். புழு தின்ற காயில் பூச்சிமருந்து இராது என்று உறுதியாக நம்பினார். அதனால்தான் சந்தையில் செங்கோடன் கடையைத் தேடிப் பிடித்தார். புழுவே சோதித்துப் பார்த்துவிட்ட காய் என்று சிரித்தபடி அவன் பொறுக்கிக் கொடுப்பான்.

இன்று காலை அவன் கையில் கோணியூசி இருந்தது.

கிழிந்த சாக்கு எதுவும் அருகில் இல்லை. ஊசிமுனையில் கத்தரி விதை ஒட்டியிருந்தது.

வாங்கிய காயில் மூன்றை வீட்டுக் கொல்லையில் அறுத்துப் பார்த்தார். எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. நேரே இங்கு வந்தார்.

அலுவலர் இளைஞர். காய்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

"புழு ஏதாச்சும் இருந்துச்சுங்களா ஐயா? இருந்தா இன்னைக்கே நோட்டீஸ் குடுத்துடலாம்."

இல்லை என்றார்.

"அப்ப நல்ல காய்தானுங்களே."

மருந்து உண்டா என்று சோதிக்கும்படி கேட்டார். மாதிரி எடுத்து அனுப்பலாம், முடிவு வரப் பதினான்கு நாளாகும், அதுவரை கடை நடக்கும் என்று அலுவலர் பணிவாகவே சொன்னார். அந்தப் பணிவின் மீதும் அவருக்கு ஐயம் வந்தது.

வீட்டு வாசலிலேயே எண்ணெய்க் கத்தரிக்காய் மணந்தது.

கூடையில் விட்டுச்சென்ற மிச்சக் காய்கள்.

பூங்கோதை உண்டுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"ஏம்ப்பா, கண்ணு வெக்கறீங்களா?"

சிரித்தாள். அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

இதைப் படிக்கின்றவரே, இருபது நாளாகத் தம் கையாலேயே தேர்ந்து வாங்கிக் கொடுத்ததை ஒரு தகப்பன் எந்த வார்த்தையால் நிறுத்துவது? அவருக்கு அதைச் சொல்லுங்கள். விரைந்து சொல்லுங்கள்.