காலியாக விடக் கூடாத கட்டம்

அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்கான விடுதிக்குப் புதிய பதிவேடு வேண்டும் என்றதும், சமூகநல அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருந்த காணாமல் போனோர் கோப்பைத்தான் வேதவல்லி எடுத்தாள். அதிலிருந்த இருநூற்றுச் சொச்சம் பெயர்களை விட்டுவிட்டு, கட்டங்களை மட்டும் நகலெடுத்தால் அரை நாள் வேலை மிச்சம். பெயர், வயது, அங்க அடையாளம் எல்லாம் இங்கேயும் வேண்டியவைதானே. வேண்டாததையெல்லாம் நீக்கிவிட்டதாகவே நினைத்திருந்தாள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்த பெண்ணின் விவரங்களை அடித்துச் சேமிக்கப் போனபோது கணினி ஏற்க மறுத்தது. 'கடைசியாகப் பார்த்த இடம்' என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம்.

"ஏதாச்சும் விட்டுப்போச்சாக்கா?" என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். வேதவல்லி திரையைத் திருப்புவதற்குள் படித்தும்விட்டாள்.

"அது தப்பா வந்திருக்கும்மா. இரு, எடுத்துடறேன்."

"எடுக்காதீங்கக்கா. இந்த ஆபீஸ்னே போடுங்க." அவள் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள். "எங்கண்ணன் தேடிக்கிட்டு வருவான். அதுக்கப்புறம் பார்க்கலைன்னு சொல்லிடுங்க."

வேதவல்லி 'இந்த அலுவலகம்' என்று அடித்தாள். பக்கத்திலிருந்த 'காணாமல் போன நாள்' கட்டத்தில் அன்றைய தேதி தானாகவே வந்து விழுந்தது.