ஒரு காட்சி மட்டும் பொய்

செவிலிமேட்டில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கிருஷ்ணவேணி மடிக்கணினியில் படம் முழுவதையும் பார்த்து முடித்தாள். அவள் சம்மதிக்காமல் படம் வெளிவராது. இளம் இயக்குநர் ராமானுஜ் எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் மென்பொருளால் உலகப் புகழ் பெற்ற விமல்ராஜின் கதை அது. அந்த மென்பொருளை அவனோடு சேர்ந்து எழுதியவள் கிருஷ்ணவேணி. நிறுவனம் வளர்ந்ததும் அவள் பெயரையே அவன் அழித்துவிட்டான்.

“எல்லாம் சரியா இருக்குதுப்பா. என்னை வெளியே அனுப்பிட்டு அன்னிக்கே பார்ட்டி வெச்சான். அதைக்கூட நீ மறைக்கல.”

“தேங்க்ஸ் மேடம். அப்போ கையெழுத்து…”

“கடைசியில என் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேக்குறான் பாரு, அது பொய். அதைத் தூக்கிடு.”

“அதை மட்டும் தூக்க முடியாது மேடம்.”

“ஏன், ஹீரோ நல்லவனாத் தெரியணுமா? காலை மிதிச்சாக்கூட சாரி சொல்லாத ஆளுப்பா அவன். தூக்கலன்னா கோர்ட்டுக்குப் போவேன்.”

“தூக்கினா அவர் கோர்ட்டுக்குப் போவாரு மேடம்.”

“அவன் எதுக்குப் போறான்?”

“என்னை எவ்வளவு மோசமா வேணா காட்டிக்கோ, இந்த சீன் மட்டும் இருக்கணும்னு சொல்லித்தான் படம் எடுக்கவே விட்டாரு. அதுல வர்ற வசனம் முழுக்க அவரே எழுதினது.”

கிருஷ்ணவேணி அந்தக் காட்சியை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியை மூடி அவனிடம் நீட்டினாள்.

“இப்போ கையெழுத்துப் போடமாட்டேன். செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஓடுதுன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லு.”