நண்டு அடுக்கிய குளங்கள்

கோடையில் எந்தக் குளத்தில் தண்ணீர் அதிகம் என்று காட்ட, நண்டு குளத்துக்கு ஒன்றாக ஐந்து சிப்பிகளை வரிசையில் வைத்தது. நிறைந்த குளம் முதலில். தினமும் மைனா பார்த்துவந்து சொல்ல, தண்ணீருக்குத் தக்கபடி நண்டு சிப்பிக்குள் கூழாங்கற்களைக் கூட்டும், குறைக்கும்.

ஒருநாள் மான் முதல் சிப்பியைப் பார்த்துவிட்டு அல்லிக்குளத்துக்கு ஓடி, நாக்குத் தள்ளத் திரும்பியது. "அங்கே வெறும் சேறு."

"உள்ளே ஒரு கல்தானே இருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லையா?" என்றது நண்டு.

"எண்ணத்தான் வேண்டுமென்றால் வரிசை எதற்கு?" மான் கடைசிச் சிப்பியின் பாறைக்குளத்துக்குத் தள்ளாடிப் போனது. அதில் ஒன்பது கற்கள்.

பகல் முழுக்க நண்டு சிப்பிகளை இழுத்து மாற்றி அடுக்கியது. பாறைக்குளம் முதலில் வந்தது.

மறுநாள் மைனா சொன்னது: "யானைகள் இறங்கியதில் பாறைக்குளம் வற்றிவிட்டது."

நண்டு எட்டுக் கற்களை எடுத்து வெளியே போட்டது. பிறகு அந்தச் சிப்பியை முதலிலேயே விட்டுவிட்டு, தள்ளி நின்று வரிசையைப் பார்த்தது.

"எவ்வளவு நேராக இருக்கிறது, பார்," என்றது மைனாவிடம்.