பாறைக்குப் பின்னால் டூகல்

"கையும் களவுமா மாட்டினீங்களா, அத்தான்!"

பெரிய பாறைக்குப் பின்னால், கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியிருந்த டூகல் திடுக்கிட்டுத் திரும்பினான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கரையில் நின்றவள் எல்ஸ்பெத், அவன் மனைவியின் தங்கை. ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களைப் பிடிக்கும் காவல் அதிகாரி. டூகலுக்கு அதே ஆற்றில்தான் வேலை. தூண்டில் போட வரும் விருந்தாளிகளுக்கு இடம் காட்டுவான், வலை ஏந்துவான், தேவைப்பட்டால் பொய்யும் சொல்வான்.

"கத்தாதேம்மா. ஆத்து வளைவுக்கு அந்தப் பக்கம் பெய்ர்ட் நிக்கறார். காதுல விழுந்துடும்."

"நல்லா விழட்டும்! விருந்தாளியைக் கரையில நிறுத்திட்டு நீங்க இங்க சால்மன் திருடறீங்க. எழுதி அனுப்பினேன்னா நாளைக்கே உங்க வேலை போயிடும். அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"திருடறதுக்கு மீன் எங்கம்மா இருக்கு?"

டூகல் வலது கையைத் தூக்கிக் காட்டினான். விரல்களுக்கு நடுவே ஒரு தூண்டில் நரம்பு. அது தண்ணீருக்குள் ஓடி, வளைவைத் தாண்டி, எங்கேயோ போயிற்று.

அவன் அதை வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்தான்.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழக் குரல் அலறியது. "டூகல்! மாட்டிக்கிச்சுடா! எங்கடா தொலைஞ்சே, சோம்பேறி! வலையைத் தூக்கிட்டு ஓடி வாடா!"

எல்ஸ்பெத் நரம்பைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள்.

"அத்தான்... நீங்கதான் மீனா?"

"இந்த வருஷம் சால்மன். போன வருஷம் கடல் ட்ரவுட். அது கொஞ்சம் நாசூக்கா இழுக்கும்."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"மூணு வருஷம் முன்னாடி, இதே மாதிரி சீசனோட கடைசி நாள். தூண்டிலை என் கையில திணிச்சுட்டு, 'நீயே வெச்சுக்கடா, இனிமே வரமாட்டேன்'னுட்டார். அதுக்கு முந்தி ஆறு வருஷமா ஒரு மீன்கூட அவரைச் சட்டை பண்ணலை. கிளாஸ்கோவுல ஒண்டிக்கட்டை. இங்கேயும் வராம நாலு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்தா அந்த மனுஷன் என்ன ஆவார்? கடைசியா ஒரே ஒரு தடவை வீசுங்கன்னு கெஞ்சிட்டு இங்க ஓடி வந்தேன். அப்புறம் அதுவே வழக்கமா..."

முடிப்பதற்குள் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இழுப்பு. டூகல் தடுமாறி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, எழுந்து, இடது பக்கம் நாலடி ஓடினான். பிறகு வலது பக்கம் ஓடினான். உள்ளங்கையால் தண்ணீரில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

"அது என்ன?"

"துள்ளினேன்."

"அவ்வளவுதானா?"

"முட்டி வலி இருக்கேம்மா. ஒரு துள்ளலுக்கு மேல முடியாது."

எல்ஸ்பெத் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் கேட்டுவிடும்.

இன்னும் ரெண்டு சுற்று ஓடிவிட்டு டூகல் நரம்பை விட்டான்.

"போச்சே!" என்றது கிழக் குரல். "தடிமாடே! நேரத்துக்கு வலையோட வந்திருந்தா விட்டிருப்பேனா? இருபது ராத்தல்டா!"

டூகலின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "கேட்டியா? போன வருஷம் ஒன்பதுதான் தேறினேன்."

எல்ஸ்பெத்துக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது. இவர் ஜன்னி வருகிற தண்ணீரில் ஊறுவாராம், அந்தக் கிழம் தடிமாடு என்று திட்டுமாம்.

"நீங்க போய்த் துணியை மாத்துங்க. உங்க விருந்தாளியை நான் கவனிச்சுக்கறேன்."

விறுவிறுவென்று வளைவைத் தாண்டிப் போனாள். பெய்ர்ட் ஒரு கல்லில் உட்கார்ந்து நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். குளிரிலும் சந்தோஷத்திலும் மூக்கு சிவந்திருந்தது.

"பார்த்தியாம்மா? என்ன மீன்! என்ன ஓட்டம்!"

"பார்த்தேன். டூகலை இனிமே அப்படித் திட்டாதீங்க சார். அவர் உங்களுக்காக எவ்வளவு பாடுபடறார் தெரியுமா?"

"அவனா? மரத்தடியில குறட்டை விட்டுட்டிருப்பான். ஒருநாளும் சமயத்துக்கு வரமாட்டான்."

இவரிடம் பேசிப் பயனில்லை. உத்தியோகத்தையாவது பார்ப்போம் என்று அவர் தூண்டிலைப் பிடுங்கிச் சோதித்தாள். ஒரு முள்ளுக்கு மேல் கட்டக்கூடாது என்பது அந்த ஆற்றின் விதி. மீறியிருந்தால் விடுவதாக இல்லை.

நரம்பின் நுனியில், மீனை ஏமாற்ற இறகு வைத்துக் கட்டிய பொய் ஈ தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தாள். மறுபடியும் புரட்டினாள்.

"சார், இதுல முள்ளே இல்லையே!"

பெய்ர்ட் சட்டென்று வளைவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் அருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"அவன் கட்டிக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் ஓடினதும் நான்தான் முள்ளை நறுக்கிடுவேன். மூணு வருஷமா இப்படித்தான். அவன் பாட்டுக்குத் தண்ணிக்குள்ள நரம்பைத் தேடித் துழாவறான், பாவம். கையில குத்திட்டா?"